"நான் பெருசானதும் அம்மா ஆயிருவேன்"னு நாலு வயசுப் பையன் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்களுக்கு நாலு வயசுல பையன், ஆறு வயசுல பொண்ணு. பையன் அக்காவோட கிளிப்பை மாட்டிக்கிறான், நெயில் பாலிஷ் கேட்டு அடம் பிடிக்கிறான், "நான் பெருசானதும் அம்மா ஆயிருவேன், என் வயித்துலயும் பாப்பா வரும்"னு சொல்றானாம். மாமியார் பதறிப்போயி "இப்பவே கண்டிச்சு வைக்கலைன்னா பின்னாடி ஊரு சிரிக்கும்"கிறாக. பொண்ணு அப்படியே நேரெதிர், போன வருஷம் வரைக்கும் அப்பாகூட கடற்கரையில பந்து உதைச்சவ இப்ப "அது பசங்க வெளாட்டு, நான் வரமாட்டேன்"னு ஒதுங்கிக்கிறா, பாவாடையைத் தவிர வேற எதையும் போடமாட்டேங்குறா. ரெண்டு பேர்ல யாருக்குக் குறை, யார்கிட்ட காட்டணும்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டு பேருக்கும் குறை இல்ல தங்கச்சி. நீங்க பாக்குறது ஒரே வளர்ச்சியோட ரெண்டு கட்டம், தம்பி இப்ப நிக்கிற இடத்தைத் தாண்டித்தான் அக்கா இப்ப இருக்குற இடத்துக்கு வந்திருக்கா. நான் குழந்தை வளர்ச்சி படிச்சவ, மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் கரையோர ஊர்கள்ல அங்கன்வாடி டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்குறது என் வேலை, அதனால இந்தக் கேள்வி வேற வேற ரூபத்துல என்கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லப்போறேன், ஏன்னா பாதி மட்டும் தெரிஞ்சுக்கிட்டா பயம்தான் வரும்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. நமக்கு ஆணு பொண்ணுன்னா அது பிறப்புல வர்றது, சட்டையை மாத்தினா மாறாது, முடியை வெட்டினா மாறாது. இது நமக்கு எப்பவுமே தெரிஞ்ச மாதிரி தோணுது ஆனா அப்படி இல்ல, ஒவ்வொரு குழந்தையும் இதைக் கண்டுபிடிக்க அஞ்சாறு வருஷம் ஆகுது. மூணு நாலு மாசக் குழந்தையே ஆம்பளை முகத்தையும் பொம்பளை முகத்தையும் பிரிச்சுப் பாக்குது, அம்மா கையில வளர்ற குழந்தை பொம்பளை முகத்தை அதிக நேரம் பாக்குது, அப்பா கையில வளர்ந்த சில குழந்தைங்களைச் சோதிச்சா அதுங்க ஆம்பளை முகத்தை அதிக நேரம் பாத்திருக்கு, இதெல்லாம் ஆராய்ச்சியில தெரிஞ்சதுதான். ஆனா முகத்தைப் பிரிச்சுப் பாக்குறது வேற, "இது ஆணு, இது பொண்ணு, நான் இதுல ஒரு ஆளு"ன்னு புரிஞ்சுக்கிறது வேற. ரெண்டு, ரெண்டரை வயசுல "நீ பையனா பொண்ணா"ன்னு கேட்டா முக்கால்வாசிப் பிள்ளைங்க சரியாச் சொல்லிரும். அதைக் கேட்டு நாம அவனுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிறோம், ஆனா அந்தப் பிள்ளைக்கு அது தன் பேரு மாதிரி ஒரு பேருதான், நாளைக்கு வேற ஆகலாம்னு நெனச்சாலும் அதுக்கு அதுல முரண்பாடே தெரியாது.

1966ல லாரன்ஸ் கோல்பர்க்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் இதைப் பத்தி எழுதினாரு. மூணு படியாச் சொன்னாரு. முதல்ல பிள்ளை தன்னை என்னன்னு சொல்லத் தெரிஞ்சுக்குது. அப்புறம் மூணு நாலு வயசு தாண்டி, இன்னைக்குப் பையனா இருக்குறவன் வளந்தாலும் ஆம்பளையாத்தான் ஆவான், அதாவது காலம் போனாலும் இது மாறாதுன்னு புரியுது. கடைசியா அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள, துணி மாத்தினாலும் வேலை மாத்தினாலும் முடி வளத்தாலும் மாறாதுன்னு புரியுது. 1975ல ஸ்லேபி, ஃப்ரேன்னு ரெண்டு பேர் இதைக் கேள்வியாவே ஆக்கினாங்க. "நீ கைக்குழந்தையா இருந்தப்ப பையனா இருந்தியா பொண்ணா இருந்தியா?", "நீ பெருசானா அம்மா ஆவியா அப்பா ஆவியா?", இந்த மாதிரி. பாருங்க, உங்க பையன் சொன்னது இந்த ரெண்டாவது கேள்விக்கான பதில். அவன் இன்னும் இரண்டாவது படியில முழுசா ஏறல, அவ்வளவுதான். அம்மாவை அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அம்மா மாதிரி ஆகணும்னு ஆசை, ஆக முடியாதுன்னு அவனுக்கு இன்னும் தெரியாது.

இந்த "மாறாது"ங்கிற அறிவு ஆணு பொண்ணு விஷயத்துல மட்டும் இல்ல, எல்லாத்துலயும் மெதுவாத்தான் வருது. 1969ல ரீட்டா டிவ்ரீஸ்னு ஒருத்தங்க ஒரு சாதுவான பூனையைப் பிள்ளைங்க தொட்டுப் பாக்க விட்டுட்டு, அப்புறம் அந்தப் பூனைக்கு நாய் முகமூடி மாட்டிக் காட்டினாங்க. மூணு வயசுப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் அது நாயாவே ஆயிருச்சுன்னு நம்பிருச்சுங்க, கிட்டப் போகவே பயந்த பிள்ளைங்களும் உண்டு. ஆறு வயசுப் பிள்ளைங்க "பூனைதான், முகமூடி போட்டிருக்கு"ன்னு சொல்லிருச்சுங்க. மூணு நாலு வயசுல கண்ணுக்குத் தெரியிறதுதான் உண்மை. வெளித்தோற்றம் மாறினா ஆளும் மாறிட்ட மாதிரி.

இதை நம்ம கரையில நேராவே பாக்கலாம். பாம்பன் பக்கம் ஒரு அங்கன்வாடியில நான் உக்காந்திருந்த அன்னைக்கு, கடல்ல முங்கிக் கடல்பாசி எடுத்துட்டுத் திரும்பின ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிப்போக நேரா அங்க வந்துட்டாங்க. பாசிக்குப் போறவங்க எப்படிப் போவாங்கன்னு உங்களுக்குத் தெரியும், சேலைக்கு மேல ஆம்பளை முழுக்கை சட்டை, தலையில துண்டை இறுக்கிக் கட்டு, பாறை கிழிக்காம இருக்க விரல்ல சுத்துன துணி, கண்ணாடி நெத்திக்கு மேல ஏத்தி விட்டிருக்கு. அவங்க மகளுக்கு ஒண்ணும் ஆகல, அது தெனமும் பாக்குது. பக்கத்துல இருந்த ஒரு பையன், வெளியூர்ல இருந்து தாத்தா வீட்டுக்கு வந்தவன், மூணரை வயசு இருக்கும், அந்தப் பொண்ணுகிட்ட கேக்குறான், "உங்கம்மா இப்ப அப்பாவா?" அந்தப் பொண்ணு "இல்ல, சட்டையைக் கழட்டினதும் அம்மா ஆயிரும்"னு பதில் சொல்லிச்சு. ரெண்டு பிள்ளையும் சீரியஸாப் பேசிக்கிட்டாங்க. டீச்சர் சிரிச்சிட்டாங்க, எனக்கு அதைப் பாக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா அந்தப் பொண்ணுக்குக்கூட சட்டையைக் கழட்டினாத்தான் அம்மா, போட்டிருக்கும்போது என்னன்னு அதுக்கு இன்னும் முடிவாகல.

இதே கதைதான் மொட்டை போட்ட பொம்பளப் புள்ளைக்கும். கம்மலை எடுத்து, மொட்டை அடிச்சு, சந்தனம் தடவினா கூட விளையாடுற பிள்ளைங்க "அவன்"னு பேச ஆரம்பிச்சிருது, சில நேரம் அந்தப் பிள்ளையே கண்ணாடியப் பாத்துட்டு "நான் பையன் ஆயிட்டேனா"ன்னு அழுகும். முடி திரும்ப வருமான்னு அது கேக்குறதுக்குள்ள இந்தப் பயமும் இருக்கு, அதையும் சேத்து தேத்தணும்.

ஏன் பிள்ளைங்க துணியையும் முடியையும் புடிச்சுத் தொங்குதுன்னா அதுங்க மேல தப்பில்ல. வயசுக்கு வர்ற வரைக்கும் பையன் உடம்பும் பொண்ணு உடம்பும் ஒண்ணு போலத்தான், உயரம் எடை குரல் எதுலயும் பெரிய வித்தியாசம் கிடையாது, இருக்குற ஒரே வித்தியாசத்தை நாம ஜட்டிக்குள்ள வச்சு மூடி "ச்சீ"ன்னு சொல்லி வச்சிருக்கோம். அப்ப அதுக்குக் கிடைக்கிற தடயம் என்ன? பூ, பொட்டு, வளையல், பாவாடை, முடி. அப்புறம் நாம கூப்பிடுற "வாடா", "வாடி", "வந்தான்", "வந்தா". நம்ம பேச்சுல பிள்ளை பிறந்த நாள்ல இருந்து இது காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. 1980கள்ல ஒரு ஆய்வு, வினைச்சொல் வரைக்கும் ஆண் பெண் பிரிக்கிற எபிரேய மொழி பேசுற பிள்ளைங்களையும் அந்தப் பிரிவே இல்லாத ஃபின்னிஷ் பேசுற பிள்ளைங்களையும் ஒப்பிட்டுப் பாத்துச்சு, எபிரேயப் பிள்ளைங்க கொஞ்சம் முன்னாடியே தன்னை ஆணு பொண்ணுன்னு தெரிஞ்சுக்குதுங்க. தமிழ்ப் பிள்ளைக்கும் தடயம் நிறையவே இருக்கு, ஆனா எல்லாமே வெளித் தடயம்.

உடம்பைப் பத்தின அறிவு இருந்தா என்ன ஆகும்னு 1989ல சாண்ட்ரா பெம்ங்கிற உளவியலாளர் பாத்தாங்க. மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்ககிட்ட, துணியில்லாத ஒரு சின்னக் குழந்தையோட போட்டோவைக் காட்டி, அப்புறம் அதே குழந்தை எதிர்ப்பால் துணியும் விக்கும் போட்டிருக்குற போட்டோவைக் காட்டி, இப்ப இது பையனா பொண்ணான்னு கேட்டாங்க. உறுப்பை வச்சுத்தான் ஆணு பொண்ணுன்னு முன்னாடியே தெரிஞ்ச பிள்ளைங்கள்ல நாலுல மூணு பேருக்குக் கிட்ட சரியாச் சொன்னாங்க. அது தெரியாத பிள்ளைங்கள்ல சரியாச் சொன்னது பத்துல ஒண்ணுதான். அதாவது மூணு வயசுப் பிள்ளைக்கு மூளை போதலைன்னு இல்ல, நாம சொல்லிக் கொடுக்கலைங்கிறதும் ஒரு காரணம். அந்த அம்மாவே ஒரு சம்பவம் எழுதியிருக்காங்க, அவங்க பிள்ளை ஒருநாள் நர்சரிக்கு கிளிப் மாட்டிக்கிட்டுப் போச்சாம், இன்னொரு பையன் "நீ பொண்ணு, பொண்ணுங்கதான் கிளிப் போடுவாங்க"ன்னு விடாம சொல்லியிருக்கான், பெம்மோட பையன் தன் உறுப்பையே காட்டி "நான் பையன்"னு நிரூபிச்சிருக்கு, அதுக்கு அவன் "அது எல்லாருக்கும் இருக்கும், கிளிப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான்"னு முடிச்சிட்டானாம். அந்த வயசோட முழுத் தர்க்கமும் இதுக்குள்ள அடங்கிருச்சு. உங்க வீட்டுலயும் அதே கிளிப்தான்.

சரி, இப்ப பொண்ணு விஷயத்துக்கு வர்றேன், உண்மையச் சொன்னா நீங்க பையனைப் பத்தி அதிகம் கவலைப்பட்டிருக்கீங்க, நான் கவனிக்கச் சொல்றது பொண்ணைத்தான்.

ஆணு பொண்ணு மாறாதுன்னு புரியிற அந்த அஞ்சு ஆறு வயசுல, பிள்ளைங்க சட்டம் போட ஆரம்பிக்குதுங்க. தான் ஒரு குழுவுல இருக்கோம்னு தெரிஞ்சாச்சு, இனி அந்தக் குழுவுக்கு என்ன ரூல்னு ஒரு துப்பறியிற போலீஸ் மாதிரி சுத்திச் சுத்தித் தேடும். ரெண்டு தடவை பாத்தாப் போதும், ரூல் ரெடி. "பொண்ணுங்க பந்து வெளாட மாட்டாங்க", "பசங்க அழ மாட்டாங்க", "டாக்டர்னா ஆம்பளை". இந்தக் கறார்த்தனம் அஞ்சாறு வயசுல உச்சத்துல இருக்கும், ஏழு எட்டுக்கு மேல பெரும்பாலான பிள்ளைங்களுக்குத் தானா தளரும். பாவாடையைத் தவிர வேற போடமாட்டேன்னு நிக்கிறதும் இதுல சேர்த்திதான், பல நாட்டுல பல பொண்ணுங்க அந்த வயசுல இப்படி நிக்கிறதை ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. அதுக்குச் சண்டை போடாதீங்க. நாலஞ்சு வயசுல பையன் பசங்ககூடவும் பொண்ணு பொண்ணுங்ககூடவுமே சேர்றதும் இப்படித்தான். மக்கோபி, ஜாக்லின்னு ரெண்டு பேர் 1987ல எழுதினதுல நாலரை வயசுப் பிள்ளைங்க எதிர்ப்பால் பிள்ளைங்ககூட விளையாடுறதை விடத் தன் பால் பிள்ளைங்ககூட மூணு மடங்கு நேரம் விளையாடுதுங்க, ஆறரை வயசுல அது பதினோரு மடங்கு. யாரும் பிரிச்சு விடல, தானா நடக்குது.

ஆனா எல்லாம் தானா தளரும்னு சும்மா விட்டுற முடியாது, ஏன்னா ரூல் புத்தகத்துல என்ன எழுதுறதுங்கிறது நம்ம கையிலதான் இருக்கு. பிள்ளை காத்துல இருந்து ரூல் புடிக்கிறது இல்ல, நம்ம வாழ்க்கையில இருந்து புடிக்குது. நம்ம கரையையே பாருங்க. பாம்பன் பக்கம் இருக்குற சின்னப்பாலத்துல பிறந்த பிள்ளைகிட்ட "பொம்பளைங்க கடலுக்குப் போவாங்களா"ன்னு கேட்டா "போவாங்க, எங்கம்மா தீவுக்குப் போயி பாசி எடுக்கும், முங்கி எடுக்கும்"னு சொல்லும். அங்க இருந்து கொஞ்சம் தள்ளி இன்னொரு ஊர்ல, பொம்பளை வள்ளத்துல கால் வச்சா ஆகாதுன்னு பெரியவங்க சொல்ற ஊர்ல, அதே வயசுப் பிள்ளை "பொம்பளைங்களுக்கு நீச்சல் தெரியாது, கடல்ல போனா செத்துருவாங்க"ன்னு அடிச்சுச் சொல்லும். கடல் ஒண்ணுதான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அப்பா துபாய்லயோ சவுதியிலயோ இருக்குற பிள்ளைங்க "பிளேன்ல ஆம்பளைங்கதான் போவாங்க"ன்னு சொல்லிக் கேட்டிருக்கேன், வீட்டுல கதவு ரிப்பேர்ல இருந்து கரண்ட் பில்லு வரைக்கும் உம்மாவே பாக்குறதால "பேங்க்குக்குப் போறது பொம்பளை வேலை"ன்னும் அதே பிள்ளை சொல்லும். எதைப் பாக்குதோ அதுதான் சட்டம்.

பாத்தது மட்டும் இல்ல, ஏன்னு அதுங்க நம்புறதுலயும் ஒரு விசேஷம் இருக்கு. 1996ல மரியான் டெய்லர்னு ஒரு ஆய்வாளர் பிள்ளைங்ககிட்ட ஒரு கதை சொல்லிக் கேட்டாங்க. ஒரு ஆண் குழந்தை, பொம்பளைங்க மட்டும் இருக்குற ஒரு தீவுல வளருது, ஒரு ஆம்பளையைக்கூடப் பாத்ததே இல்ல, அவன் எதை விளையாடுவான், என்ன ஆவான்? சின்னப் பிள்ளைங்க எல்லாம் அவன் பசங்க விளையாட்டுத்தான் விளையாடுவான், அது அவன் பிறப்புலயே இருக்குன்னு சொல்லிருச்சுங்க. வளந்த இடத்தால பழக்கம் மாறும்னு ஒன்பது பத்து வயசுல தான் சொல்ல ஆரம்பிச்சுதுங்க. நாம பெரியவங்க ஊரு பழக்கம்னு தெரிஞ்சே சொல்ற விஷயத்தை ஆறு வயசுப் பிள்ளை ரத்தத்துல இருக்குன்னு எடுத்துக்குது. "பொண்ணுங்க சத்தமாச் சிரிக்கக் கூடாது"ன்னு அப்பத்தா சொன்னா, அது ஒரு பாட்டியோட ஆசைன்னு அவளுக்குப் புரியாது, மீன் தண்ணியில வாழும்ங்கிற மாதிரி ஒரு உண்மைன்னு பதிஞ்சுக்குவா.

விளைவு சின்னதில்ல. 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, அஞ்சு வயசுல பொண்ணுங்களும் பசங்களும் "ரொம்ப ரொம்பப் புத்திசாலி"ங்கிற கதைக்கு ஆள் காட்டச் சொன்னா தன் பாலையே காட்டுறாங்க, ஆறு ஏழு வயசுல பொண்ணுங்க பொம்பளையைக் காட்டுறது குறைஞ்சு போச்சு, ரொம்பப் புத்திசாலிப் பிள்ளைங்களுக்கான விளையாட்டுன்னு சொன்னா ஒதுங்கவும் செஞ்சாங்க. பரீட்சையில மார்க் நல்லா எடுக்குறது பொண்ணுங்கதான்னும் அதே பிள்ளைங்க சொன்னாங்க, இது இன்னும் மனசு கஷ்டமா இருக்கும். அமெரிக்கப் பிள்ளைங்கதான் அது, ஆனா உங்க பொண்ணு பந்தை விட்டது இந்த ஆறு வயசுலங்கிறதை யோசிச்சுப் பாருங்க. யாரோ எங்கயோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க, கூட்டாளியோ, வேன் டிரைவரோ, டிவியோ. இன்னொரு ஆய்வுல பிள்ளைங்க அதுவரைக்கும் பாக்காத அழகான பொம்மைகளைக் கொடுத்து "இது பசங்களுக்குப் பிடிக்கிற பொம்மை"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க, அவ்வளவுதான், பொண்ணுங்களுக்கு அந்தப் பொம்மை மேல ஆசை குறைஞ்சிருச்சு, எவ்வளவு அழகான பொம்மையா இருந்தாலும்.

பள்ளிக்கூடமும் இதுல பங்கு எடுக்குது. 2010ல ஒரு ஆய்வுல சில பிரீஸ்கூல் வகுப்புல டீச்சர்களை ரெண்டு வாரம் எல்லாத்துக்கும் "பசங்களா, பொண்ணுங்களா"ன்னு பிரிச்சுப் பேசச் சொன்னாங்க, தனி வரிசை, தனி போர்டு, யாரையும் உசத்தியும் பேசல தாழ்த்தியும் பேசல. ரெண்டே வாரத்துல அந்தப் பிள்ளைங்க "இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை"ன்னு பேசுறது கூடிருச்சு, எதிர்ப்பால் பிள்ளைங்ககூட விளையாடுறது குறைஞ்சிருச்சு. நம்ம பள்ளிக்கூடங்கள்ல பாய்ஸ் லைன், கேர்ள்ஸ் லைன், பாய்ஸ் பெஞ்சு, கேர்ள்ஸ் பெஞ்சுன்னு வருஷம் முழுக்க இதுதானே. வகுப்புல பேசுற, சேட்டை பண்ற பையனைப் பொண்ணுங்க பக்கத்துல உக்கார வைக்கிறது தண்டனை! அந்தத் தண்டனையால அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன புரியும்னு யாரும் யோசிக்கிறதில்ல. நான் பயிற்சியில முதல்ல நிறுத்தச் சொல்றது இதைத்தான். கட்டம் போட்ட சட்டைக்காரங்க ஒரு வரிசை, செருப்பு போட்டவங்க ஒரு வரிசை, பேரு "க"வுல ஆரம்பிக்கிறவங்க ஒரு வரிசைன்னு பிரிக்கலாமே, பிள்ளைங்களுக்கும் அது விளையாட்டா இருக்கும்.

வீட்டுல என்ன பண்றது? ஒரு விஷயம் சொல்றேன், அம்மாக்கள் பிள்ளைங்ககிட்ட பேசுறதைப் பதிவு பண்ணி ஆராய்ஞ்சப்ப, பெரும்பாலான அம்மாக்கள் "பொண்ணுங்க இதைச் செய்யக் கூடாது"ன்னு வாயால சொல்றதே இல்ல. ஆனா பிள்ளை "பசங்கதான் இதைச் செய்வாங்க"ன்னு சொல்லும்போது "ஆமா"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுறாங்க, மறுத்துப் பேசுறது ரொம்பக் கம்மி. அந்த "ஆமா"வைத்தான் நிறுத்தணும். அட்வைஸ் பண்ண வேண்டாம், "பொண்ணுங்களும் எல்லாம் செய்யலாம்மா"ங்கிற பொதுப் பேச்சு ஆறு வயசுல ஏறாது. கண்ணுல பாத்த ஆளைச் சொல்லுங்க. தையல் பொம்பளை வேலைன்னா, "அப்போ அப்பா கரையில உக்காந்து ஊசியை வச்சு வலை தைக்கிறாரே?"ன்னு கேளுங்க. சமையல் பொம்பளை வேலைன்னா, ராத்திரி கடல்ல தங்குற போட்டுல சோறாக்குறது யாருன்னு கேளுங்க. கடல் ஆம்பளைங்களுக்குன்னா, பாசி எடுக்குற பெண்களைக் கூட்டிப்போயிக் காட்டுங்க, அந்தப் பெண்களுக்காக நின்ன சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல அமெரிக்காவுல, தீவுகளைப் பாதுகாக்குற சீகாலஜிங்கிற அமைப்போட விருது கொடுத்தாங்கன்னு சொல்லுங்க. மீன்பிடித் தடைக்காலம் வருதே, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகுக்காரங்க எல்லாம் வீட்டுல இருப்பாங்க, அப்ப அப்பாவைத் தலை சீவி விடச் சொல்லுங்க, சடை கோணலா வந்தாலும் பரவாயில்ல, அது அவ கண்ணுல பதியும். பந்துக்கும் அப்படித்தான், கட்டாயப்படுத்தாம, பந்து உதைக்கிற பெரிய பொண்ணுங்க இருக்குற இடத்துக்குக் கூட்டிப்போங்க. ஒரு அக்கா உதைக்கிறதைப் பாத்தா அவ ரூலை அவளே திருத்திக்குவா.

பையனுக்கு வர்றேன். "நான் அம்மா ஆயிருவேன்"னா, சிரிக்காதீங்க, திட்டாதீங்க. "பெருசானா நீ அப்பா ஆகலாம்டா, பாப்பா அம்மா வயித்துல வளரும், அப்பாவும் தூக்கி வளக்கலாம், குளிப்பாட்டலாம், தாலாட்டலாம்"னு சொன்னாப் போதும். அவன் ஏங்குறது அநேகமா அந்தத் தூக்கி வளக்குற பாசத்துக்கு. நெயில் பாலிஷ், கிளிப் எல்லாம் விளையாட்டு, போட்டுப் பாக்கட்டும். அதனால அவன் என்னவா ஆகப்போறான்னு எதுவும் முடிவாகாது. அடிச்சு, கேலி பண்ணி வளத்தா மட்டும் ஒண்ணு நிச்சயம் நடக்கும், தனக்குப் பிடிச்சதை உங்ககிட்ட மறைக்கக் கத்துக்குவான், அது பின்னாடி வேற பெரிய விஷயங்கள்லயும் தொடரும்.

உடம்பைப் பத்திக் கேட்டா பதில் சொல்லுங்க, கேக்கலைன்னாலும் குளிப்பாட்டும்போது சொல்லிக் கொடுங்க. நம்ம வீடுகள்ல பையனோட உறுப்புக்காவது செல்லப்பேரு இருக்கு, பொண்ணுக்கு அதுகூட இல்லாம விட்டுடுறோம். அதனாலதான் "எனக்கு ஏன் இல்ல, விழுந்துருச்சா, முளைக்குமா"ன்னு பொண்ணுங்க கேக்குறது. "தம்பிக்கு ஆணுறுப்பு, உனக்குப் பெண்ணுறுப்பு, உனக்கு உள்ள பாப்பா வளர்ற கர்ப்பப்பையும் இருக்கு"ன்னு கை, கால் பேரு சொல்ற அதே குரல்ல சொல்லுங்க. சுவீடன்ல 1955ல இருந்தே பள்ளியில பாலியல் கல்வி கட்டாயம், 1982ல கோல்ட்மேன் தம்பதி பல நாட்டுப் பிள்ளைங்களைப் பேட்டி எடுத்து ஒப்பிட்டுப் பாத்தப்ப சுவீடன் பிள்ளைங்க இந்த விஷயத்துல மத்தவங்களை விட வருஷக்கணக்குல முன்னாடி இருந்தாங்க. சொல்லிக் கொடுத்தா புரியிற விஷயம்தான் இது.

பேரு தெரியிறதுக்கு இன்னொரு முக்கியமான பயன் இருக்கு. யாராவது தொடக் கூடாத இடத்துல தொட்டா அந்தப் பிள்ளை உங்ககிட்ட சொல்லணும்னா அதுக்குப் பேரும் வேணும், பேசினா அடி விழாதுங்கிற தைரியமும் வேணும். மூணுல இருந்து ஆறு வயசு வரைக்கும் பிள்ளைங்க தன் உறுப்பைத் தொட்டுப் பாக்குறது, டாக்டர் வெளாட்டு வெளாடுறது, அப்பா குளிக்கும்போது எட்டிப் பாக்குறது எல்லாம் சகஜம், "அது நம்ம சொந்த இடம், ரூம்ல தனியா இருக்கும்போது மட்டும்"னு சொல்லித் திசை திருப்பினாப் போதும். ஆனா பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை வற்புறுத்துறது, பெரியவங்க செய்யிற மாதிரி செஞ்சு காட்டுறது, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பாத்தா மட்டும் பயப்படுறது, இதைப் பாத்தா அலட்சியமா இருக்காதீங்க, பிள்ளையை மிரட்டாம விசாரிங்க, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்க. பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்துற போக்சோ சட்டம் 2012ல இருந்து இருக்கு, பையனுக்கும் பொண்ணுக்கும் சேத்துத்தான்.

மாமியாரோட உண்மையான பயம் என்னன்னு எனக்குப் புரியுது, அதையும் சுத்தி வளைக்காமச் சொல்லிடுறேன். எதிர்ப்பால் துணி, விளையாட்டு ஆசைப்படுற பிள்ளைங்கள்ல ரொம்பப் பேருக்கு அது ஒரு கட்டம், கடந்து போயிரும். சில பிள்ளைங்க மட்டும் "நான் பையன் இல்ல, பொண்ணு"ன்னு விளையாட்டா இல்லாம, வருஷக்கணக்கா, மன வேதனையோட, மாறாமச் சொல்லும். அப்படி இருந்தாலும் அடியும் பரிகாரமும் மருந்து இல்ல, குழந்தைகள் மனநலம் பாக்குற டாக்டர்கிட்ட பேசுறதுதான் வழி, இப்படிப்பட்டவங்களை "சரி பண்றேன்"னு செய்யிற சிகிச்சைக்கு எதிரா 2021லயே மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு போட்டிருக்கு. பிறக்கும்போதே ஆணா பெண்ணான்னு தெளிவாத் தெரியாத உடம்போட பிறக்குற பிள்ளைங்களும் உண்டு, அவங்களுக்கு உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில அவசரப்பட்டு ஆபரேஷன் பண்ணக் கூடாதுன்னு 2019ல ஹைகோர்ட்டோட மதுரைக் கிளை தீர்ப்பு வந்து, அதே வருஷம் தமிழ்நாடு அரசு ஆணையும் போட்டுச்சு, இந்தியாவுல முதல் மாநிலம் நம்மதான். உங்க பையன் இதுல எதுலயும் இல்ல, நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா அவன் சந்தோஷமா வேஷம் கட்டி வெளாடுற நாலு வயசுப் பிள்ளை. ஆனா இருந்திருந்தாலும் அவன் உங்க பிள்ளைதான், அதையும் மாமியார்கிட்ட நீங்க சொல்லலாம்.

அவங்ககிட்ட பேசும்போது ஆராய்ச்சியெல்லாம் எடுத்து விடாதீங்க, சண்டையில முடியும். மொட்டை போடுறதுக்கு முன்னாடி பையனுக்குச் சடை பின்னி, பூ வச்சு, பொட்டும் மையும் இட்டு, பாவாடை சட்டை போட்டு ஸ்டூடியோவுல போட்டோ எடுக்குறது நம்ம பக்கம் நெறைய வீட்டுல உள்ள வழக்கம். உங்க வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு போட்டோ பழைய ஆல்பத்துல இருக்கான்னு மாமியாரையே தேடி எடுக்கச் சொல்லுங்க, எடுத்துக் கொடுத்தவங்களும் அவங்களாத்தான் இருப்பாங்க. அதைப் பேரன்கிட்ட காட்டி "இது பையனா பொண்ணா"ன்னு அவங்களே கேக்கட்டும், அப்புறம் "இது உங்கப்பாதான்டா"ன்னு சொல்லட்டும். அவன் என்ன பதில் சொல்றான், அதுக்கு என்ன காரணம் சொல்றான்னு எழுதுங்க, எந்தப் படியில இருக்கான்னு நான் சொல்றேன். ஆறு மாசம் கழிச்சு அதே போட்டோவைத் திரும்பக் காட்டினீங்கன்னா பதில் மாறியிருக்க வாய்ப்பு உண்டு, அதையும் எழுதுங்க.